மகளுக்குத் திருகோணமலை கெம்பஸ் கிடைச்சிருக்கு: அங்க வளர்ந்தவங்க, படிச்சவங்க சொல்லுங்க

நோர்வூட்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எங்க மூத்த மகளுக்குத் திருகோணமலை கெம்பஸ், அதான் பல்கலைக்கழக வளாகம், கிடைச்சிருக்குங்க. எங்க பக்கத்துலயும் அவங்க அப்பா பக்கத்துலயும் கெம்பஸ் வாசல் மிதிக்கப் போற முதல் பிள்ளை இவதான். எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) ஆளாளுக்கு வந்து கை குடுத்துட்டுப் போறாங்க. வேலைக்கு மலை ஏறினா அங்கயும் இதே பேச்சுதான்.

ஆனா அவங்க அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. பேராதனை கெம்பஸ்னா விடியக்காலம் பஸ் ஏறி பிள்ளையைப் பார்த்துட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பிரலாம், இது கடலோரம், அங்க நமக்கு யாரு இருக்கான்னு கேக்குறாரு. நாங்க கடலைப் பார்த்ததே கொழும்புக்குப் போனப்ப காலிமுகத்திடல்ல மட்டுந்தான்.

கேக்க வேண்டியதை நேராவே கேட்டுடறேன். ஊரு எப்படி, சனங்க எப்படி? தோட்டத்துப் பிள்ளைன்னு ஒதுக்கி வைப்பாங்களா? கடல்ல இறங்குனா ஆபத்தா? லீவு நாள்ல பிள்ளைங்க எங்க போவாங்க? கொண்டுபோய் விடுறப்ப நாங்களும் நாலு இடத்தைப் பார்த்துட்டு வரலாம்னு ஆசையா இருக்கு. அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க யாராச்சும் இருந்தா மனசு விட்டுச் சொல்லுங்க.

மாத்தளை_மணி

வாழ்த்துகள் அக்கா! பிள்ளை நல்லா வரணும்.

பார்க்குற இடம்னா கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாத்தீவு, மார்பிள் பீச், உப்புவெளி. வேன் ஒன்னு பேசிக்கிட்டுப் போனீங்கன்னா ரெண்டு நாள்ல எல்லாத்தையும் முடிச்சுரலாம்.

ஹட்டன்_டீச்சர்

அம்மா, முதல்ல பிள்ளைக்கு என்ட வாழ்த்துகள். நான் திருகோணமலையில பிறந்து வளர்ந்தவள். இப்ப ஹட்டன்ல படிப்பிக்கிறன். மணி தம்பி சொன்ன இடமெல்லாம் சரி. ஆனா ரெண்டு நாள்ல முடிக்கிற ஊர் இல்ல அது. உங்கட மகள் அங்க சில வருசம் வாழப் போறா. அதனால வாழுறவங்களுக்கு அந்த ஊர் எப்படி இருக்கும் எண்டு சொல்றன்.

எங்கட அப்பா அம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க. 1977 இனக் கலவரத்தில லயத்தை விட்டுட்டு கையில கிடைச்சதோட கிழக்குக்குப் போனவங்க. அந்தக் காலத்தில அப்படி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் திருகோணமலைக்கும் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். ஆகவே உங்கட வீட்டுக்காரர் “அங்க நமக்கு யாரு இருக்கா” எண்டு கேட்டதுக்கு முதல் பதில் இதுதான்: நம்மட ஆக்கள் ஏற்கனவே அங்க இருக்கிறாங்க.

அப்பாவுக்குத் தெரிஞ்ச தொழில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறது. கடற்கரையில அதுக்கு என்ன வேலை? கரைவலை இழுக்கப் போனார். அந்த வேலையைப் பக்கத்தில நிண்டு பார்த்துத்தான் நான் வளர்ந்தன். விடியறதுக்கு முன்ன தோணி வலையை ஏத்திக்கொண்டு புறப்படும். கயிற்றின்ட ஒரு தலைப்பு கரையில நிக்கும். தோணி கடலுக்குள்ள அரைவட்டமாப் போய் வலையை விட்டுக்கொண்டே வந்து, மற்றத் தலைப்பைத் தள்ளி ஒரு இடத்தில கரை சேர்க்கும். பிறகு ரெண்டு பக்கமும் ஆக்கள் வரிசையா நிண்டு, பின்காலால நடந்து நடந்து இழுப்பாங்க. மேட்டுக்கு வந்து சேர்ந்த கடைசி ஆள் கயிற்றை விட்டுட்டு ஓடிப்போய் தண்ணிக்குள்ள முதல் ஆளாப் பிடிப்பார். இழுக்க இழுக்க ரெண்டு கூட்டமும் நெருங்கி வரும். மீன் சேருற வலைப்பை, மடி, கரைக்குக் கிட்ட வந்ததும் சூடை, கீரி, பாரைக்குட்டி மீனெல்லாம் துள்ளுற துள்ளலில முழங்கால் தண்ணி வெள்ளையாப் போகும். காகமும் பருந்தும் அதுக்கு முன்னமே வந்து காத்திருக்கும். மீன் வித்த காசில வலைச் சொந்தக்காரர் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவங்களுக்கு ஒரு பங்கு. வலை வெறுமையா வந்த நாளில எல்லாருக்கும் வெறுங்கைதான். கங்காணி பேர் போட்டு நாட்சம்பளம் வாங்கிப் பழகின மனிசன் அதைப் பழக எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் எண்டு இப்பத்தான் எனக்கு விளங்குது.

மகளிடம் சொல்லுங்க: ஒரு நாளாவது விடியப்புறம் எழும்பிக் கரைவலை இழுக்கிறதைப் பார்க்கட்டும். அந்த ஊரை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்ல. டிக்கட்டும் தேவையில்ல.

கோணேசர் கோயிலுக்குப் பின்னேரம் போகணும். பிரெட்றிக் கோட்டை வாசலால உள்ள போய், ஆலமரங்களுக்குக் கீழ ஏறி நடக்கணும். கோட்டைக்குள்ள புள்ளிமான்கள் மந்தையாப் படுத்திருக்கும். டவுன் றோட்டிலயும் அதுகள் திரியும். பஸ் ஸ்டாண்டில மனிசரோட மனிசரா நிக்கும். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில பாடின தலம் அது. 1620களில போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டே கோட்டையைக் கட்டினாங்க. பிறகு முந்நூறு வருசத்துக்கு மேல அந்த மலையில கோயில் இல்ல, சனங்கள் பாறையில நிண்டு கடலுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டாங்க. 1950இல டவுனுக்குள்ள கிணறு தோண்டின இடத்தில பழைய செப்புத் திருமேனிகள் வெளியில வந்தது. 1963இல புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோட்டையைத் தாண்டும்போது சுவர்க்கல்லைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கோயிலுக்குப் போறவங்களில எத்தினை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பாங்க?

கோயிலுக்குப் பின்னால இராவணன் வெட்டு எண்ட செங்குத்துப் பாறைப் பிளவு. அங்கயிருந்து கீழ பார்த்தா தலை சுத்தும். பங்குனி, சித்திரையில கண்ணை எடுக்காமக் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டா தூரத்தில நீலத்திமிங்கிலம் மூச்சு விடுற நீர்ப்புகை தெரியும். கடலடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு துறைமுகத்துக்குக் கிட்டவரைக்கும் வருது. கரையோரமே அவ்வளவு ஆழம் எண்டபடியால்தான் திமிங்கிலம் இவ்வளவு பக்கத்தில வருது, பெரிய கப்பலும் உள்ளுக்கு வருது. சின்ன வயசில அதைப் பார்த்திட்டு வீட்டில சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க.

2001இல வளாகம் வந்த பிறகு எங்கட நிலாவெளி வீதிப் பக்கம் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வாடகைக்குத் தங்குற போடிங். எங்கட அம்மாவும் ஒரு அறையை விட்டா. மலைநாட்டுப் பிள்ளை வந்து நிண்டா அம்மா பேரைக் கேக்க முதல் “எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்” எண்டுதான் கேப்பா. அண்டைக்கு ராத்திரி ரொட்டியும் கட்டச்சம்பலும்தான் சமையல். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிஞ்சு போன பிறகும் எங்கட வீட்டுக்குக் கடிதம் போடுவாங்க. என்னை ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு வந்ததே அந்த அக்காமார் சொன்ன கதைகள்தான்.

நோர்வூட்_அம்மா

டீச்சர், வாசிச்சிட்டு அவங்க அப்பாகிட்டயும் சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். “கவ்வாத்து வெட்டுனவரு வலை இழுத்தாரா”ன்னு ரெண்டு தரம் கேட்டாரு. மனசுக்கு ரொம்ப ஆறுதல்.

ஒன்னே ஒன்னு மட்டும் ஒளிக்காம சொல்லுங்க. ஒதுக்குவாங்களா? நாங்க பட்டது போதும், பிள்ளை படக்கூடாது.

வெலிமடை_தம்பி

அக்கா, மட்டக்களப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. கிழக்குப் பல்கலைக்கழகத்தோட தலைமை வளாகம் அங்க வந்தாறுமூலையில இருக்கு, திருகோணமலை அதோட கிளை வளாகம். நான் வந்தாறுமூலையில படிச்சவன். கல்லடிப் பாலத்துல ராத்திரி நின்னு வாவியைப் பார்த்த மாதிரி ஒரு நிம்மதி எனக்கு வேற எங்கயும் கிடைச்சதில்ல. கிழக்கு ஆளுங்க சாப்பாடு போடாம அனுப்ப மாட்டாங்க. பயப்படாம அனுப்புங்க.

ஹட்டன்_டீச்சர்

அம்மா, ஒளிக்கமாட்டன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில “தோட்டக்காட்டான்” எண்ட சொல்லைக் கேட்டிருக்கிறன். பிள்ளைகள் மட்டுமில்ல, பெரியவங்களும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறன். அப்பா ஒண்டும் பேசமாட்டார், அம்மாதான் தலையைத் தடவிவிடுவா.

இண்டைக்கு அப்படி இல்ல எண்டு முழுசாச் சொல்ல ஏலாது. ஆனா நிலைமை நிறைய மாறியிருக்கு. வளாகத்துக்கு மூண்டு இனத்துப் பிள்ளைகளும் நாட்டின்ட எல்லாப் பக்கமும் இருந்து வாறாங்க. எல்லாரும் வீட்டை விட்டு வந்தவங்கதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அம்பாந்தோட்டைப் பிள்ளைக்கும் அந்த ஊர் புதுசு. ஊர்ச்சனமும் போடிங் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிட்டாங்க. யாராவது அந்தச் சொல்லைச் சொன்னா மகள் தலை குனியக்கூடாது. இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த சனம் நாங்க. அதை நீங்க சொல்லிக்குடுத்து அனுப்புங்க. என்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு வருசமும் சொல்றதும் இதுதான்.

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கிண்ணியாவில பிறந்தவன், கம்பளையில கருவாட்டுக் கடை வச்சிருக்கன். தங்கச்சி, ஒங்கட மகள்ட விஷயம் கேட்டு மிச்சம் சந்தோசம்.

மலைநாட்டுக்கும் எங்கட ஊருக்கும் தொடர்பு இல்லயெண்டு நினைக்காதீங்க. ஒங்கட லயத்தில சுடுற ரொட்டிக்கு மா எங்கயிருந்து வருது? சீனக்குடாவில இருக்கிற பிரிமா ஆலையில கோதுமை அரைபடுது, அங்கயிருந்துதான் லொறி ஏறுது. கருவாடும் அப்படித்தான். எங்கட வாப்பா காலத்திலயே கிழக்குக் கருவாடு மலையேறி வந்து தோட்டத்துக் கடையில தொங்கினது. நெத்தலி, சூடை, கட்டா, சுறா எண்டு சாக்குச் சாக்கா வரும். சம்பள நாளில கடை திறக்க முந்தியே ஆக்கள் வந்து நிப்பாங்க.

கிண்ணியாவைப் பார்க்காம வந்திடாதீங்க. முந்தி டவுனுக்குப் போக பாதை எண்ட மிதவைப் படகில ஏறி நிக்கணும், நோயாளியும் கர்ப்பிணியும் வரிசையில காத்துக் கிடப்பாங்க. 2009இல பாலம் திறந்தாங்க. அந்தப் பாலத்தில பின்னேரம் நிண்டு பாருங்க, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. சுனாமி எங்கட ஊரை மிச்சம் அடிச்சிட்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலை நம்பவே மாட்டம் எண்டு இருந்தவங்களும் இண்டைக்குத் தோணி தள்ளிக்கொண்டுதான் போறாங்க. தொழில் அதுதானே.

மகளுக்கு அவசரம் ஆபத்து எண்டா எங்கட குடும்பம் அங்க இருக்கு. தனி மெசேஜில நம்பர் தாறன்.

பேராதனை_பழையவன்

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கொத்மலைப் பக்கம் பிறந்தவன், பேராதனையில் படித்தேன், இப்போது ஓய்வில் கண்டியில் இருக்கிறேன்.

கருவாடும் மாவும் மலையேறி வந்ததைக் கிண்ணியா நானா சொன்னார். மலையிலிருந்து அங்கே போவது எது என்பதை நான் சொல்கிறேன். மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில்தான் அது கடலில் விழுகிறது. தலவாக்கலையில் ஓடும் கொத்மலை ஓயாவும் ஹட்டன் ஓயாவும் அதில் சேருகின்றன. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி என்று வந்து விக்டோரியா, ரந்தெனிகல அணைகளைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்குகிறது. பேராதனை வளாகத்தின் ஓரமாகவும், பூந்தோட்டத்தை மூன்று பக்கம் வளைத்துக்கொண்டும் ஓடுகிற அதே ஆறுதான். நான் மாணவனாக இருந்தபோது அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அது போய்ச் சேருகிற இடத்திலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நோர்வூட் அம்மாவுக்கு ஒரு திருத்தம் சொல்லத்தான் வேண்டும்: உங்கள் ஊர் மழை மகாவலிக்குப் போகாது. நோர்வூட்டில் ஓடுவது கெஹெல்கமு ஓயா. அது களனியில் சேர்ந்து கொழும்புப் பக்கம் போகிறது. ஆனால் ஹட்டன் வரைக்கும் வந்தால் போதும், அங்கிருந்து தண்ணீர் கிழக்கே திரும்பிவிடும்.

கொட்டியாரத்தைப் பற்றி இன்னொன்று. 1660இல் அங்கே ஒரு ஆங்கிலக் கப்பல் ஒதுங்கியது. புயலில் முறிந்த பாய்மரத்தைச் சரிசெய்ய வந்தவர்கள். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தந்தை இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் ஏறக்குறைய 19 வருடம் வாழ்ந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத் தப்பிப் போனார். நம் மலைக் கிராமங்கள் 17ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்தன என்று நமக்கு இன்று தெரிவதில் பெரும்பங்கு அந்தக் கைதி எழுதி வைத்ததுதான். அந்தக் குடாக்கரையிலுள்ள மூதூரில் அவர் பிடிபட்ட இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. வரலாற்றில் விருப்பமுள்ள பிள்ளையென்றால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

தலவாக்கலை_தங்கச்சி

அக்கா, நான் இப்போ அந்த வளாகத்துலதான் படிக்கிறேன். லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கேன். உங்க மகளுக்கு வேண்டியதை நேரா சொல்றேன்.

முதல்ல வெயில். நம்ம ஊர்ல வைகாசி, ஆனியில மழை கொட்டி மண்சரிவுக்குப் பயந்துக்கிட்டு இருப்போம். அதே நாள்ல அங்க கச்சான் காத்து அடிக்கும். நம்ம மலையில மழையை இறக்கி வச்சுட்டு வர்ற காத்து அது, அங்க போறப்ப சூடாவும் வறட்சியாவும் போகும். உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அரை மணித்தியாலத்துல காயும். தண்ணி குடிக்காம இருந்தா மயக்கம் வரும். முதல் மாசம் எனக்கு அழுகையே வந்துச்சு. ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போயிராதீங்க, குடையும் பருத்திச் சட்டையும் குடுத்து விடுங்க. மழை அங்க ஐப்பசிக்குப் பிறகுதான், தை வரைக்கும் இருக்கும். சில இடத்துல கிணத்துத் தண்ணி சவர், உப்புக் கரிக்கும். குடிக்குற தண்ணி எதுன்னு போடிங்ல முதல்லயே கேட்டுக்கணும்.

ரெண்டாவது கடல். இதைக் கட்டாயம் சொல்லியே அனுப்புங்க. சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துட்டு வாடைக் காலத்துலயும் அப்படியே இருக்கும்னு நினைச்சு இறங்கக்கூடாது. கார்த்திகை, மார்கழியில அலை பெருசு, அடியில நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போயிரும். மலையில வளர்ந்த நமக்கு நீச்சல் தெரியாது. ஓடையில முங்கிக் குளிச்ச பழக்கத்துல கடல்ல இறங்கிட முடியாது. கரையில இருக்குற மீனவ அண்ணமார்கிட்ட “இன்னைக்கு இறங்கலாமா”ன்னு கேட்டா அவங்க உண்மையைச் சொல்லுவாங்க. மார்பிள் பீச் குடாவுக்குள்ள ஒதுங்கி இருக்குறதால அங்க அலை குறைவு, குடும்பத்தோட போக நல்லது.

மூனாவது படிப்பு. விஞ்ஞானமும் வணிகமும் இங்கிலீஷ்லதான் நடத்துவாங்க. முதல் செமஸ்டர் நம்ம பிள்ளைங்களுக்கு மலை ஏறுற மாதிரி இருக்கும். இப்பவே தினம் கொஞ்ச நேரம் இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லுங்க. மகாபொல புலமைப்பரிசில் கிடைக்குமான்னு பாருங்க, இல்லாட்டி பர்சரி உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிராம சேவகர்கிட்ட வாங்க வேண்டிய கடிதமெல்லாம் இப்பவே வாங்கி வச்சுக்கிட்டா நல்லது. தோட்டத்து விலாசத்துக்கு வர்ற தபால் நேரத்துக்குக் கைக்கு வராது, அதை நம்பி இருக்காதீங்க.

ராகிங் பத்தி நீங்க கேக்கல, ஆனா உங்க மனசுல இருக்கும். எந்தக் கெம்பஸ்லயும் அது நடக்கலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனை வரைக்கும் போகும். என்ன நடந்தாலும் அன்னைக்கே வீட்டுக்குச் சொல்லணும்னு மகளுக்குச் சொல்லி வைங்க. “ஏன் அங்க போனே”ன்னு நீங்க திட்டிருவீங்கன்னு பயந்துதான் பிள்ளைங்க மறைக்குறாங்க. அந்தப் பயம் அவளுக்கு இருக்கக்கூடாது.

மாத்தளை_மணி

தங்கச்சி எழுதுனதை அச்சடிச்சு எல்லாப் புதுப் பிள்ளைங்களுக்கும் குடுக்கணும்.

ஆனா புறாத்தீவைப் பத்தி யாரும் சொல்லலையே? எனக்கு அங்க பிடிச்ச இடம் அதுதான்.

தலவாக்கலை_தங்கச்சி

சொல்றேன் அண்ணே. நிலாவெளியிலிருந்து படகு போகும், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம் இருக்கும். பெருசு ஒன்னு சின்னது ஒன்னுன்னு ரெண்டு தீவு. 2003இல தேசியப் பூங்காவாக்கினாங்க, அதனால வனஜீவராசிகள் திணைக்களத்து டிக்கட் எடுக்கணும். பாறை இடுக்குல மாடப்புறா கூடு கட்டும், பேரே அதனாலதான். முழங்கால் தண்ணியில நின்னாலே கலர் கலரா மீன் காலைச் சுத்தும். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாவும் வரும், சீண்டாட்டி அது பொதுவா நம்மள ஒன்னும் செய்யாது.

ஆனா பவளப்பாறை மேல காலை வைக்காதீங்க. அது உயிர். சீசன்ல வர்ற கூட்டம் மிதிச்சு மிதிச்சு உடைஞ்சு வெள்ளையாக் கிடக்குறதைப் பார்த்தா நெஞ்சு வலிக்குது. கரையில கிடக்குற துண்டைக்கூட எடுத்துட்டு வரக்கூடாது.

மான் விஷயமும் அப்படித்தான். டவுன்ல மான் திரியுதுன்னு எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க. அது என்ன திங்குதுன்னு பார்க்குறதில்ல. புல் இல்லாத இடத்துல சாப்பாட்டுப் பார்சலோட பொலித்தீனையும் சேர்த்து முழுங்குது. தயவு செஞ்சு பார்சல் தாளை அங்க போட்டுட்டு வராதீங்க.

பண்டாரவளை_ரவி

எண்ணெய் சேமிக்குற தாங்கியையும் பார்க்கணும். வெள்ளைக்காரன் கடற்படைக்காகக் கட்டுனது, காட்டுக்குள்ள இன்னும் 99 நிக்குது. 1942 ஏப்ரல் 9இல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப ஒரு விமானம் நேரா ஒரு தாங்கி மேல வந்து மோதி எரிஞ்சுது. அதே நாள்ல மட்டக்களப்புக் கடல்ல வெள்ளைக்காரனோட ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிச்சான். நிலாவெளி வீதியில யுத்தக் கல்லறை இருக்கு, கெம்பஸ் போற வழிதான். ஒவ்வொரு கல்லா வயசை வாசிச்சுக்கிட்டே போனீங்கன்னா தெரியும், இருபது வயசுப் பையன்களா இருக்காங்க.

ஹட்டன்_டீச்சர்

ரவி சொன்ன கல்லறையைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போனன். புல்லை ஒழுங்கா வெட்டி, பூ வச்சு, எவ்வளவு கண்ணியமா வச்சிருப்பாங்க. சின்னப்பிள்ளையா அதைப் பார்க்கும்போது எனக்குத் தோணினது ஒண்டுதான்: எங்கயோ பிறந்த சிப்பாய்க்கும் இங்க பேர் வெட்டின கல் இருக்கு, மலையில றோட்டு வெட்டியும் காடு அழிச்சும் செத்துப்போன எங்கட பாட்டன் பூட்டனுக்கு ஒரு கல்லும் இல்ல. தேயிலைக்கு அடியில புதைச்சதோட சரி. அந்த எண்ணம் இண்டைக்கும் போகயில்ல. அதுக்காக அந்தக் கல்லறை மேல எனக்குக் கோபம் இல்ல. எங்கட ஆக்களுக்கும் அப்படி ஒண்டு வேணும்.

கன்னியாவைச் சொல்ல மறந்திட்டம். சின்னச் சின்னச் சதுரக் கிணறு ஏழு, ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற. இராவணன் தாய்க்குக் கடமை செய்யிறதுக்காக உண்டாக்கினது எண்டு கதை. ஆடி அமாவாசைக்கு எங்கட அப்பா அங்கதான் போய்க் குளிச்சுத் தன்ட தகப்பனை நினைச்சுக் கடன் முடிப்பார். தகப்பன் மாத்தளை மலையில, மகன் கன்னியாவில. உங்கட வீட்டுக்காரரும் போனா விடியக்காலம் போகச் சொல்லுங்க. மத்தியானம் கூட்டமும் வெயிலும் தாங்க ஏலாது.

நோர்வூட்_அம்மா

என்ன சொல்றதுன்னே தெரியலங்க. யாருமே இல்லாத ஊருக்குப் பிள்ளையை அனுப்புறோம்னு இருந்தேன். இப்போ அவங்க அப்பா மூதூர் எங்க இருக்குன்னு மேப்புல தேடிக்கிட்டு இருக்காரு. நோர்வூட் தண்ணி கொழும்புக்குத்தான் போகுதுன்னு சொன்னதும், “பரவால்ல, நாம ஹட்டன்ல மாறிக்கலாம்”னாரு.

மகள் உங்க எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்கா. கரைவலைன்னு மேல எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கா.

கடைசியா வழி மட்டும் சொல்லிருங்க. வேனுக்குக் குடுக்க வசதி இல்ல, பஸ்லதான் போகணும்.

தலவாக்கலை_தங்கச்சி

பஸ்ஸே நல்லது அக்கா. விடிய முன்ன ஹட்டனுக்கு வந்து கண்டி பஸ் பிடிங்க. கண்டியில திருகோணமலை பஸ் ஏறணும். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியா போகும். கண்டியிலிருந்து 180 கிலோமீற்றர் பக்கம், அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல ஆகும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவுல யானைக் காடு, பின்னேரமானா றோட்டுலயே நிக்கும். அதனால பகல்லயே அந்த இடத்தைத் தாண்டுற மாதிரி கிளம்புங்க. கந்தளாய்க் குளத்தை ஜன்னல் வழியா பார்க்கலாம்.

திருகோணமலை டவுன்ல இறங்கினா நிலாவெளி போற பஸ் கிடைக்கும். கெம்பஸ் கோணேசபுரியில, றோட்டோரமே இருக்கு. பெட்டி படுக்கையோட அலையாதீங்க, முதல் நாள் ராத்திரி டவுன்லயே தங்கிட்டு காலையில போங்க. சீசன்ல உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் விலை நமக்குக் கட்டாது, டவுன்ல கோயிலுக்குக் கிட்ட சின்ன லொட்ஜ் இருக்கு.

மாத்தளை_மணி

மாத்தளையில பஸ் முத்துமாரியம்மன் கோயில் பக்கமாத்தான் வரும் அக்கா. உள்ள போய்க் கும்பிடணும்னா இறங்கி அடுத்த பஸ் பிடிங்க. எங்க வீட்டுல சாயத்தண்ணி குடிச்சுட்டுப் போகலாம், சொல்லிட்டு வாங்க.

ஹட்டன்_டீச்சர்

அம்மா, ஹட்டனுக்கு வர்ற அண்டைக்கு எனக்கு ஒரு கோல் எடுங்க. மகளைப் பார்க்கணும். எங்கட அம்மாவுக்கு வயசாயிட்டுது, ஆனா அறை இன்னும் இருக்கு. மகளுக்குப் போடிங் சரிவராட்டி முதல் மாசம் அங்க இருக்கட்டும். வாடகையை அம்மாவோட பேசிக்கொள்ளுங்க, நான் சொல்லி வைக்கிறன்.

தலவாக்கலை_தங்கச்சி

பதிவு செய்யுற திகதி வந்ததும் இங்கயே போடுங்க அக்கா. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நாங்க ஆறேழு பேர் இருக்கோம், வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்.